சேஸிங்கை விடுகிறேன்: காரிலிருந்து கணக்கு வரை எதை முதலில் கழற்றுவது?

பிளேனோ_வடக்கு கேட்டது:

வடக்கு டெக்சஸ், ஓக்லஹோமா, தெற்கு கான்சஸ் பக்கம் வசந்த காலத்தில் டொர்னேடோ (சுழற்காற்று) துரத்துவதை, அதாவது சேஸிங்கை, நிறுத்துவதாக முடிவு செய்தாயிற்று. ஏன் என்ற விவாதம் வேண்டாம். எப்படி என்பதுதான் கேள்வி.

கையில் இருப்பவை: ஒரு எஸ்யூவி. அதன் கூரையில் துளை போட்டுப் பதித்த என்எம்ஓ (திருகு மவுன்ட்) ஆன்டெனா, பேட்டரியிலிருந்து நேரடியாக வயர் இழுத்த 50 வாட் ஹாம் (அமெச்சூர்) ரேடியோ, 400 வாட் இன்வெர்ட்டர், முன் கண்ணாடிக்கு மேலே பாலிகார்பனேட் தடுப்பு. புயல் அறிக்கை போடும் ஸ்பாட்டர் நெட்வொர்க் கணக்கு, ரேடார்ஸ்கோப் என்ற ரேடார் செயலியின் சந்தா, ரேடார் தரவை அலசும் ஜிஆர்2அனலிஸ்ட் மென்பொருள். ஹார்ட் டிஸ்க்குகளில் ஒழுங்கில்லாமல் கிடக்கும் வீடியோ. சில வீடியோக்கள் ஏஜென்சி வழியாக விற்றவை, அதற்கு ஒரு எல்எல்சி (சிறு கம்பெனி) உண்டு. கூட வரும் பார்ட்னர் தொடர்ந்து போகப்போகிறார்.

1. ஒரேயடியாக நிறுத்துவதா, ஒரு பருவம் குறைத்துக்கொண்டு பிறகு நிறுத்துவதா?
2. காரில் எதை எந்த வரிசையில் கழற்றுவது? விற்கும் எண்ணமும் இருக்கிறது.
3. கணக்குகள், லைசென்ஸ், வரி?
4. வானத்தின் மேல் உள்ள ஆர்வம் போகப்போவதில்லை. அதை எங்கே வைப்பது? "தோட்டம் போடு" வகைப் பதில்கள் வேண்டாம், ப்ளீஸ்.

---

ட்ரைலைன் பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் நான்.

குறைத்துக்கொள்கிறேன் என்பவர்கள் வழக்கமாக வைக்கும் விதி இது: "மார்ஜினல், ஸ்லைட் நாட்களுக்குப் போகமாட்டேன், மாடரேட் வந்தால் மட்டும் போவேன்." (இவை எஸ்பிசி, அதாவது அமெரிக்கப் புயல் கணிப்பு மையம், சொல்லும் ஆபத்துப் படிகள்; ஏறுவரிசையில் மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்டு, மாடரேட், ஹை.) கேட்க நியாயமாக இருக்கும். இதைவிட மோசமான விதி கிடையாது. மாடரேட், ஹை என்று எஸ்பிசி அறிவிக்கும் நாட்களில்தான் புயல்கள் பல சமயம் வேகமாக நகரும், ஒன்றோடொன்று மோதி மழைக்குள் டொர்னேடோவை மறைக்கும், இருவழிச் சாலைகளில் சேஸர் கார்கள் வரிசை கட்டி நிற்கும். சாதுவான நாட்களில் கிடைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, வருடத்தில் மிக மோசமான ஓரிரு நாட்களுக்கு மட்டும் கை மறந்த நிலையில் போய் நிற்பதுதான் இதன் விளைவு. 2013 மே 31 எல் ரெனோ நாளும் மாடரேட்தான். முதலில் தென்கிழக்காகப் போய்க்கொண்டிருந்த டொர்னேடோ வடகிழக்காகத் திரும்பி, வேகம் கூடி, 2.6 மைல் அகலம் ஆனது. டிம் சமாராஸ், அவர் மகன் பால், கார்ல் யங் மூவரும் அதில் இறந்தார்கள். அவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை, களத்தில் கருவி வைத்து அளந்த ஆராய்ச்சிக் குழு.

ஆனால் டொர்னேடோவை மட்டும் வைத்து ஆபத்தைக் கணக்கிட்டால் தப்பான இடத்தில் குறைப்பீர்கள். 2017 மார்ச் 28 அன்று மேற்கு டெக்சஸின் ஸ்பர் அருகே 3 சேஸர்கள் இறந்தது சாலைச் சந்திப்பில் கார்கள் மோதி. 2022 ஏப்ரல் 29 அன்று ஓக்லஹோமா பல்கலைக்கழக வானிலை மாணவர்கள் 3 பேர் இறந்தது, கான்சஸில் சேஸ் முடித்துத் திரும்பும்போது ஐ-35 இல் டாங்காவா அருகே, நனைந்த சாலையில் கார் வழுக்கி. இரண்டிலும் டொர்னேடோ யாரையும் தொடவில்லை. ஆகவே குறைக்கவேண்டியது மைல் கணக்கை, அதிலும் இரவு மைல்களை.

அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிளேனோவிலிருந்து நார்மன் 170 மைல் சொச்சம், நெரிசல் இல்லாவிட்டால் இரண்டே முக்கால் மணி நேரம். ஜூன் தொடக்கத்தில் அங்கே சூரியன் மறைவது எட்டரை தாண்டி. இருட்டுமுன் வீடு சேரவேண்டும் என்று விதி வைத்தால் ஐந்தே முக்காலுக்கே நார்மனை விட்டுக் கிளம்பவேண்டும். சூப்பர்செல்கள் (சுழலும் பெரிய இடிமழைப் புயல்கள்) முற்றுவது பெரும்பாலும் 5 மணிக்கும் 8 மணிக்கும் நடுவில். அதாவது பாதுகாப்பான விதி வைத்தால் சேஸ் என்பதே இல்லை, சேஸ் இருக்கவேண்டும் என்றால் விதி உடையும். ஆகவே என் ஓட்டு ஒரேயடியாக நிறுத்துவதற்கு.

நிறுத்தும் விதி நாள்காட்டியில் இருக்கட்டும், வானிலையில் வேண்டாம். "மார்ச் 1 முதல் இல்லை" என்பது விதி. "பெரிதாக ஏதும் வந்தால் ஒழிய" என்று ஒரு வால் சேர்த்தால் அது விதி இல்லை.

உடையும் நேரமும் தெரிந்ததே. எஸ்பிசியின் முதல் நாள் கணிப்பு 0600, 1300, 1630, 2000, 0100 யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) வரும். நம் கோடை நேரப்படி அதிகாலை 1, காலை 8, முற்பகல் 11:30, பிற்பகல் 3, இரவு 8. இவற்றில் ஆளைக் கவிழ்ப்பது 11:30. ஸ்லைட் என்பது என்ஹான்ஸ்டு ஆகும், இப்போது கிளம்பினால் மூன்றரைக்குள் மேற்கு ஓக்லஹோமா போய்விடலாம் என்று மனம் கணக்குப் போடும். 3 மணிக் கணிப்பு வரும்போது பஸ் போய்விட்டிருக்கும். ஆக ஏப்ரல், மே இரண்டு மாதமும் தினம் 11 முதல் 2 வரை தள்ளமுடியாத வேலையைப் போட்டு வையுங்கள், அந்த நேரம் எஸ்பிசி, எக்ஸ், லைவ்ஸ்ட்ரீம் அறிவிப்புகள் எல்லாம் மூடியிருக்கட்டும். வார்னிங் (எச்சரிக்கை) அறிவிப்பை மட்டும் மூடாதீர்கள், அது உங்கள் வீட்டுக்கானது.

மே கடைசி இரண்டு வாரத்துக்கு லீவு போடும் பழக்கம் இருந்தால், அந்த வாரங்களுக்குப் பணம் திரும்பாத டிக்கெட் எடுத்துவிடுவது நல்ல பூட்டு. மதுரைக்கு என்றால் அக்கினி நட்சத்திரத்தில் போய் விழவேண்டும். அதுவும் ஒரு தண்டனைதான், ஆனால் வேலை செய்யும்.

---

ஸ்பானர் பதில்:

காருக்கு வருகிறேன். அவசரப்பட்டுக் கூரை ஆன்டெனாவைப் பிடுங்குவதில் தொடங்குவார்கள். அது கடைசி.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். அடுத்து, ரேடியோ வயரில் பேட்டரிக்கு அருகே உள்ள ஃபியூஸ். பல மொபைல் ரேடியோ வயர்களில் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டிலும் ஃபியூஸ் உண்டு, இரண்டையும் எடுங்கள். வயரை கேபினுக்குள்ளிருந்து இழுக்காமல் இன்ஜின் பக்கமாக உருவினால் ரப்பர் வளையம் கிழியாது. வயர் போன பிறகு ஃபயர்வாலில் ஒரு ஓட்டை மிஞ்சும். அதற்கு அளவான ரப்பர் மூடி கட்டாயம். விட்டால் மழைத் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கும், இன்ஜின் புகையும் உள்ளே வரும். தண்ணீர் இறங்குவது வாடை வந்த பிறகுதான் தெரியும்.

இன்வெர்ட்டர்: 400 வாட் என்றால் 12 வோல்ட்டில் 33 ஆம்பியருக்கு மேல், ஆகவே கனமான வயரும் பெரிய ஃபியூஸும் போட்டிருப்பீர்கள். ஃபியூஸை மட்டும் எடுத்துவிட்டு வயரை அப்படியே தொங்க விடாதீர்கள். பேட்டரி முனையிலிருந்து ஃபியூஸ் வரை உள்ள அந்த ஒரு சாண் வயருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை, காரின் உடல் உலோகத்தில் உரசினால் நெருப்புதான். இன்வெர்ட்டரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடுவதும் தப்பு. சுமை இல்லாமலே அரை ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி. 60 ஆம்பியர் மணி பேட்டரி ஐந்து நாளில் படுத்துவிடும். தினம் ஓடாத காருக்கு இது நிச்சயம் நடக்கும்.

என்எம்ஓ துளை முக்கால் அங்குலம். பட்டி வைத்து அடைத்துப் பெயின்ட் அடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். தகடு வைத்து வெல்டு செய்யாமல் பட்டி மட்டும் வைத்தால் அடியில் துரு பிடித்து இரண்டு மூன்று வருடத்தில் கொப்பளம் விடும். மவுன்ட்டை அப்படியே விட்டு, ஓ-ரிங் உள்ள மழை மூடியைத் திருகி வைப்பதுதான் மலிவானதும் நல்லதும். கேபிளையும் உள்ளேயே சுருட்டிக் கட்டிவிடலாம். வாங்குபவர் ஹாம் ஆளாக இருந்தால் அது ஒரு கூடுதல் வசதி, இல்லாவிட்டால் ஒரு சின்ன கறுப்புப் பொத்தான். காந்த ஆன்டெனா ஏதும் இருந்தால் நேராகத் தூக்கி எடுங்கள், நகர்த்தி எடுத்தால் அடியில் சிக்கிய மணல் பெயின்ட்டில் கோடு கிழிக்கும்.

பாலிகார்பனேட் தடுப்பை எடுத்த பிறகு முன் கண்ணாடியை இரவில் எதிர்வண்டி வெளிச்சத்தில் பாருங்கள். மண் சாலை மணலால் பொடிப் பொடியாகக் குழி விழுந்திருக்கும், பகலில் தெரியாது. மாற்றினால், கண்ணாடிக்குப் பின்னால் லேன் கேமரா உள்ள வண்டிகளில் கேமராவை மறுபடி கேலிப்ரேட் செய்யவேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தே விலை கேளுங்கள்.

இனி யாரும் சொல்லாதது: ஓக்லஹோமாச் செம்மண். களிமண் சக்கர வளையத்தின் உட்பக்கம் ஒட்டிக் காய்ந்தால் 55 முதல் 70 மைல் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். வீல் பேலன்ஸ் செய்யச் சொல்லிக் காசு கொடுப்பதற்கு முன்பு சக்கரத்தைக் கழற்றி உட்பக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள். அடிப்பக்கத்துக்குப் புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரைக் காருக்கு அடியில் வைத்து 20 நிமிடம் ஓடவிட்டு, ஒரு அடி நகர்த்தி மறுபடி. அழுத்தத் தண்ணீரை எடுத்ததும் பாய்ச்சினால் மண் இடுக்குகளுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். ஊறவிட்டுத்தான் கழுவவேண்டும். ஏசி கண்டன்சரை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில். பூச்சியும் மண்ணும் அடைத்து, ஆலங்கட்டி மடக்கிய தகடுகளோடு விட்டால் ஆகஸ்ட் மாதம் டாலஸ் சிக்னலில் நிற்கும்போது ஏசி கைவிரித்துவிடும். இன்ஜின் ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர் இரண்டும் புதிது.

விற்பதைப் பற்றி: ஆலங்கட்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் பணம் வாங்கிச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். பக்கவாட்டில் நீளமான எல்இடி விளக்கு பிடித்தால் ஒவ்வொரு குழியும் தெரியும், அவர்களும் பிடித்துப் பார்ப்பார்கள்.

---

பிளேனோ_வடக்கு:

நன்றி ரெண்டு பேருக்கும். ஒரு சிக்கல். பார்ட்னர் "நீ வராவிட்டால் பரவாயில்லை, வீட்டிலிருந்து ரேடார் பார்த்து போனில் வழி சொல்லு" என்கிறார். இது நியாயமான நடுவழியா?

---

ட்ரைலைன்:

இல்லை. காரில் உட்கார்ந்திருக்கும்போது ரேடாரோடு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறது. வீட்டில் ரேடார் மட்டும்தான், அதுவும் பழையது. வானிலைச் சேவையின் டபிள்யூஎஸ்ஆர்-88டி ரேடார் புயல் நேரத்தில் ஒரு முழுச் சுற்று முடிக்க நாலரை, ஐந்து நிமிடம் எடுக்கும். சைல்ஸ் என்ற கூடுதல் ஸ்கேன் முறையில் கீழ்மட்டப் படம் நடுவில் கூடுதலாக வரும், ஆனாலும் படம் உங்கள் திரைக்கு வந்து, நீங்கள் பார்த்து, வாயால் சொல்லி, அவர் திரும்புவதற்குள் 5 நிமிடம் போயிருக்கும். 30 மைல் வேகத்தில் நகரும் புயல் அதற்குள் இரண்டரை மைல் நகர்ந்திருக்கும். 55 மைல் என்றால் நாலரை மைல். "உனக்குத் தென்மேற்கே 3 மைல்" என்று நீங்கள் சொன்னது அவர் காதில் விழும்போது பொய்யாகியிருக்கும். அதோடு தொலைவும் சேரும். ரேடாரிலிருந்து 100 கிலோமீட்டரில் 0.5 டிகிரிக் கற்றையின் நடுப்பகுதி தரைக்கு மேல் சுமார் ஒன்றரை கிலோமீட்டரில் போகும், தரையில் நடப்பதை அது பார்க்காது.

ஏதாவது ஆனால் சுமையும் உங்கள் தலையில். இப்படி வழி சொல்வது சேஸிங்தான், ஓட்டுவது மட்டும் இன்னொருவர்.

ஒப்படைத்துவிட்டு விலகுங்கள். ரேடார் சந்தா அவர் பெயரில், ஆஃப்லைன் வரைபடம் அவர் போனில், முடிந்தால் இன்னொரு ஆள் அவர் பக்கத்து சீட்டில். அவர் தனியாகத்தான் போவார் என்றால் அது அவர் யோசிக்கவேண்டிய விஷயம்.

ஸ்பாட்டர் நெட்வொர்க்கையும் இதோடு முடியுங்கள். உங்கள் லாகினை அவர் பயன்படுத்தினால் அவர் போடும் அறிக்கை உங்கள் பெயரில் பதிவாகும். போனிலோ லேப்டாப்பிலோ பின்னணியில் ஓடும் இடம் காட்டும் செயலியை அணைக்க மறந்தால், பிளேனோ ஷாப்பிங் மாலில் ஒரு புள்ளியாக நிற்பீர்கள். ஹாம் ரேடியோ வழியாக இடம் காட்டும் ஏபிஆர்எஸ் ஒலிபரப்பும் அப்படியே. ஹாம் லைசென்ஸை விடாதீர்கள். 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும், காலாவதி ஆகி இரண்டு வருடம் வரை தேர்வு எழுதாமல் மீட்கலாம், ஆனால் அந்த இடைவெளியில் ஒலிபரப்பக் கூடாது. ஒரு கைரேடியோவை வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடலாம்.

ஸ்கைவார்ன் ஸ்பாட்டராக (வானிலைச் சேவைக்குப் புயல் தகவல் சொல்லும் தன்னார்வலராக) வீட்டிலிருந்தே இருக்கலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபோர்ட் வொர்த் வானிலை அலுவலகத்துக்கு வேண்டியது எளிது: என்ன, எங்கே, எப்போது. ஆலங்கட்டி 1 அங்குலம், காற்று 58 மைல், அதற்கு மேல்தான் கடும் புயல் என்ற அளவுகோல். ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள். ஸ்கேல் இல்லை என்றால் குவார்ட்டர் காசு 1 அங்குலம், கோல்ஃப் பந்து 1.75, பேஸ்பால் 2.75. விழுந்துகொண்டிருக்கும்போது எடுக்க வெளியே ஓடாதீர்கள்.

---

கணக்குப்பிள்ளை_டிஎக்ஸ் பதில்:

வரி. பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் சிபிஏவிடம் (கணக்காளரிடம்) எண்களோடு போய்க் கேளுங்கள்.

தொழில் வருமானத்துக்கான ஷெட்யூல் சி படிவம் தாக்கல் செய்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சேஸிங் நின்றாலும் பழைய வீடியோக்களின் லைசென்ஸ் பணம் வந்துகொண்டே இருக்கும், அது வருமானம். ஆனால் இனிப் பெட்ரோல், ஹோட்டல் செலவு இல்லை. பொழுதுபோக்கு என்று ஐஆர்எஸ் (வரித் துறை) எடுத்துக்கொண்டால் 2018 முதல் அந்தச் செலவுகளைக் கழிக்கவும் முடியாது, வருமானத்தை மட்டும் காட்டவேண்டும். ஐந்து வருடத்தில் மூன்றில் லாபம் காட்டியிருந்தால் தொழில் என்ற அனுமானம் உங்கள் பக்கம்.

பலரும் தடுக்கி விழும் இடம் கேமரா. 2,000 டாலர் கேமராவை வாங்கிய வருடமே செக்‌ஷன் 179 இல் முழுதாகக் கழித்திருந்தால் கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு பூஜ்யம். இப்போது 1,100 டாலருக்கு விற்றால் "900 நஷ்டம்" என்று நினைப்பார்கள். இல்லை, 1,100-உம் வருமானம், படிவம் 4797 இல் போகும். விற்காமல் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொண்டாலும் தப்பவில்லை. தேய்மானக் காலம் முடிவதற்குள் தொழில் உபயோகம் பாதிக்கோ அதற்குக் கீழோ இறங்கினால் கழித்ததில் ஒரு பகுதி திரும்ப வருமானமாக ஏறும். கார் விஷயத்தில் மைலுக்கு இவ்வளவு என்ற முறையில் கழித்திருந்தாலும் அந்த விகிதத்துக்குள் தேய்மானம் ஒளிந்திருக்கிறது. 2024 இல் 67 சென்டில் 30 சென்ட் தேய்மானம். விற்கும்போது காரின் அடிப்படை விலையிலிருந்து அதைக் கழிக்கவேண்டும். ஆகவே மைல் பதிவேட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

எல்எல்சியைச் சும்மா கிடக்கட்டும் என்று விடாதீர்கள். வரி கட்டவேண்டிய அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் கம்ப்ட்ரோலருக்கு (டெக்சஸ் மாநில வரி அலுவலகம்) வருடாந்திரத் தாக்கல் ஒன்று உண்டு, தவறினால் உரிமை பறிபோகும். மூடுவதென்றால் கடைசி ஃபிராஞ்சைஸ் வரி அறிக்கை, கம்ப்ட்ரோலரிடம் கணக்கு நிலைச் சான்று, அதை இணைத்து மாநிலச் செயலர் அலுவலகத்தில் முடிவு விண்ணப்பம். இந்த வரிசை மாறினால் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு முன்பு வீடியோ ஒப்பந்தங்களை உங்கள் சொந்தப் பெயருக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஏஜென்சி காசோலை இல்லாத கம்பெனி பெயரில் வரும். எந்த வீடியோ எக்ஸ்க்ளூசிவ், எது இல்லை என்பதையும் அப்போதே பட்டியல் போட்டு வையுங்கள்.

இதைப் படிக்கும் எச்-1பி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: வீடியோ விற்பது அனுமதியில்லாத வேலையாக எடுத்துக்கொள்ளப்படலாம். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு டாலர்கூட வாங்காதீர்கள்.

---

தொலைவானம் பதில்:

நாலாவது கேள்வி என் பேட்டை. ஆனால் முதலில் ஹார்ட் டிஸ்க். ஏனென்றால் அதில் கிடப்பது உங்களுக்கு மட்டும் பயன்படுவது இல்லை.

கோப்புகளை யூடிசி நேரத்தில் பெயரிடுங்கள். மாலை 7 மணிக்கு எடுத்தது யூடிசியில் அடுத்த நாள் 0000. எஸ்பிசி ஒரு நாளை 1200 யூடிசியிலிருந்து மறுநாள் 1200 வரை எண்ணுகிறது, நீங்களும் ஃபோல்டரை அப்படியே வையுங்கள், ஒரு சேஸ் இரண்டு ஃபோல்டரில் உடையாது. தேசிய வானிலைச் சேவையின் ஸ்டார்ம் டேட்டா பதிவு கோடையிலும் வழக்க நேரத்தையே பயன்படுத்தும், அதாவது யூடிசிக்கு 6 மணி பின்னால். உங்கள் போன் காட்டியது 5 மணி பின்னால். இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தால் "என் டொர்னேடோ பதிவிலேயே இல்லை" என்று சண்டை போட்டவர்கள் உண்டு.

கேமரா கடிகாரம் தப்பாக இருந்திருக்கும். டேஷ்கேமில் ஜிபிஎஸ் இருந்தால் அதன் நேரம் சரி. இரண்டிலும் பதிவான ஒரே காட்சியைத் தேடுங்கள், ஒரு லாரி கடப்பது போதும். வித்தியாசத்தை எழுதி, அன்றைய எல்லாக் கோப்புக்கும் சேர்த்துவிடுங்கள். நேரம், இடம், பார்த்த திசை மூன்றும் சரியாக உள்ள ஒரு நிமிட வீடியோவை அந்தப் பகுதி வானிலை அலுவலகம் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளும். திசை தெரியாத அரை மணி நேர வீடியோவை வைத்து அவர்களால் ஒன்றும் செய்யமுடியாது.

அடுத்து, ஜிஆர்2அனலிஸ்ட்டை அழிக்காதீர்கள். நெக்ஸ்ராட் (அந்த வானிலை ரேடார்களின் வலையமைப்பு) லெவல் 2 பழைய தரவுகள் முழுக்க அமேசான் கிளவுடில் இலவசமாகக் கிடக்கின்றன. கேடிஎல்எக்ஸ், கேஎஃப்டிஆர், கேஎல்பிபி என்று எந்த ரேடார் நிலையத்தையும் எடுக்கலாம். பலர் சேஸை விட்டதும் தினசரிக் கணிப்பை மேசையில் தொடர்வார்கள்: காலை 12 யூடிசி பலூன் தரவு, எச்ஆர்ஆர்ஆர் (கணினிக் கணிப்பு மாதிரி), கேப் (புயலுக்குக் கிடைக்கும் ஆற்றலின் அளவு), 0-6 கிலோமீட்டர் ஷியர் (உயரத்தோடு காற்று மாறும் அளவு) 40 நாட், ஒரு கவுன்டியைக் குறித்து வைத்து மாலையில் சரிபார்ப்பது. பயிற்சியாக அருமை. ஆனால் புதிதாக விட்டவருக்கு இது சாராயக் கடைக்குள் உட்கார்ந்து சோடா குடிப்பது மாதிரி. கணிப்பு சரியாக விழும் நாளில் கார் சாவி கையில் வந்துவிடும். முதல் பருவத்துக்குப் பழைய நாட்களை எடுத்துச் செய்யுங்கள். நண்பர் ஒருவரைத் தேதியை மறைத்துக் காலைத் தரவை மட்டும் அனுப்பச் சொல்லி, இலக்கைக் குறித்த பிறகு பதிலைத் திறப்பது. மூளைக்கு அதே வேலை, ஓடிப் போய்ப் பார்க்க எதுவும் இல்லை.

இப்போது என் உண்மையான சிபாரிசு: புயலிலிருந்து 250 கிலோமீட்டர் தள்ளி நின்றால் மட்டுமே தெரியும் ஒன்று இருக்கிறது. ஸ்பிரைட். பெரிய இடிமழைத் தொகுதிகளுக்கு மேலே, 50 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் சில மில்லிநொடிகள் மட்டும் தோன்றும் சிவப்பு மின்னல். 1989 ஜூலை 6 அன்று மினசோட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள்தான் முதலில் படம்பிடித்தார்கள், அதுவும் வேறொன்றுக்காகக் கேமராவைச் சோதிக்கும்போது. கிட்டப் போனால் மேகமே மறைத்துவிடும். சேஸருக்குப் பிறவிக்குணமான "இன்னும் கொஞ்சம் பக்கத்தில்" இங்கே செல்லாது.

ஓக்லஹோமா சிட்டி மேல் நிற்கும் தொகுதிக்கு டென்டன் பக்கம் சரியான தொலைவு. புவி வளைவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 250 கிலோமீட்டரில் ஸ்பிரைட் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 10 முதல் 19 டிகிரிக்குள் விழும். ஃபுல் ஃபிரேமில் 35 அல்லது 50 எம்எம் லென்ஸ், எஃப் 1.4 முதல் 1.8, ஐஎஸ்ஓ 3200 முதல் 6400, 2 முதல் 4 நொடி எக்ஸ்போஷர், இன்டர்வலோமீட்டரில் இடைவிடாமல். ஃபோகஸ் ஒரு நட்சத்திரத்தில் கையால் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள், ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் அலையும். மேகத்தின் உச்சியைச் சட்டத்தின் கீழ் விளிம்பில் வையுங்கள். புதியவர்கள் மேகத்தை நடுவில் வைத்து ஸ்பிரைட்டின் தலையை வெட்டிவிடுவார்கள்.

எந்த இரவு? தனி சூப்பர்செல் அவ்வளவு உதவாது. நள்ளிரவை ஒட்டி முதிர்ந்த, பின்னால் அகலமான சீரான மழைப்பகுதி இழுத்துக்கொண்டு வரும் தொகுதி வேண்டும். அந்தப் பகுதியிலிருந்து அடிக்கும் பலமான பாசிட்டிவ் மின்னல்தான் பெரும்பாலான ஸ்பிரைட்டுகளைத் தூண்டுகிறது. உங்களுக்கும் புயலுக்கும் நடுவே வானம் தெளிவாக, நிலா இல்லாமல் இருக்கவேண்டும். எடுத்த படங்களை நாசாவின் ஸ்பிரிட்டாகுலர் திட்டத்துக்கு அனுப்பலாம், 2022 இல் தொடங்கியது. இரவு நேரத்தில் கார் ஓட்டுவது இதிலும் உண்டு, ஆனால் காய்ந்த சாலையில், புயலுக்கு எதிர்த்திசையில்.

இரவு விழிப்பு ஆகாதென்றால் கோகோராஸ், தன்னார்வலர்கள் மழை அளக்கும் திட்டம். 4 அங்குல விட்டமுள்ள மழைமானி, தினம் காலை 7 மணிக்கு 0.01 அங்குலம் வரை அளவு. ஆலங்கட்டி அட்டையும் உண்டு: ஒரு அடிக்கு ஒரு அடி ஸ்டைரோஃபோம், மேலே கனமான அலுமினியத் தாள் சுற்றியது. விழுந்த ஒவ்வொரு கட்டியும் தன் அளவைக் குழியாகப் பதித்துவிட்டுப் போகும்.

---

ஸ்பானர்:

ஒன்று விட்டுப்போனது. சேஸிங் இல்லை, இனி எதற்குக் காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ் என்று குறைத்துவிடாதீர்கள். காலின் கவுன்டியில் ஆலங்கட்டி உங்களைத் தேடி வரும். வீட்டு பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். டெக்சஸில் காற்று, ஆலங்கட்டிக்குத் தனி டிடக்டிபிள், பெரும்பாலும் வீட்டுக் காப்புத் தொகையில் 1 அல்லது 2 சதவீதம். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து. கூரை மாற்றும்போது கிளாஸ் 4 ஷிங்கிள் கேளுங்கள், 2 அங்குல எஃகு உருண்டையை 20 அடியிலிருந்து போட்டுச் சோதித்தது. பல கம்பெனிகள் பிரீமியத்தில் தள்ளுபடி தரும்.

வானிலை ரேடியோ இல்லையென்றால் வாங்கி, காலின் கவுன்டிக்கான சேம் குறியீடு (அந்தக் கவுன்டி எச்சரிக்கைக்கு மட்டும் ஒலிக்கச் செய்வது) 048085 போட்டு வையுங்கள்.

சேஸிங் பணம் மிஞ்சினால் வீட்டுக்கு ஒரு சேஃப் ரூம் (டொர்னேடோ புகலிடம்).

---

பிளேனோ_வடக்கு:

கராஜ் தரையைத் தோண்டிப் பதிக்கும் வகையா, மேலே வைக்கும் எஃகுப் பெட்டியா?

---

ஸ்பானர்:

டாலஸ் வட்டாரப் புது வீடுகளில் பெரும்பாலும் போஸ்ட்-டென்ஷன் தரை. கான்கிரீட்டுக்குள் இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் இருக்கும். தோண்டும்போது ஒன்று அறுந்தால் ஆளையே அடிக்கும், அஸ்திவாரமும் கெடும். கராஜ் சுவரிலோ தரையிலோ "வெட்டாதே, துளையிடாதே" என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மேலே வைக்கும் பெட்டிதான். அதற்கும் போல்ட் துளை போடும் முன் தரை ஊடுருவும் ரேடாரால் வடங்களைக் குறித்துத் தரச் சொல்லுங்கள், குறிக்காமல் டிரில் எடுப்பவரைத் திருப்பி அனுப்புங்கள். ஃபீமா பி-361, ஐசிசி 500 என்ற புகலிடத் தரவிதிகள் இரண்டுக்கும் சோதித்த சான்று கேளுங்கள்: 250 மைல் காற்றுக்கு வடிவமைப்பு, 15 பவுண்டு எடையுள்ள இரண்டுக்கு நான்கு அங்குல மரக்கட்டையை 100 மைல் வேகத்தில் எறிந்து சோதனை. கதவோடு சேர்த்துச் சோதித்தார்களா என்றும் கேளுங்கள், சுவர் தாங்கிக் கதவு பிய்ந்த பெட்டியால் பயனில்லை. வாசலுக்கு முன்னால் காரை ஒட்டி நிறுத்தாத இடமாகப் பார்த்து வையுங்கள்.